வள்ளம் திரும்பிய டேக்

“படத்தில் என் குரல்தான் வர வேண்டும். அதை எழுதித் தாருங்கள். தந்தால்தான் இன்றைக்கு நடிப்பேன்.”

இதை நான் இந்தியில் சொன்னேன். தயாரிப்பாளர் தேவாங் சார் மும்பைக்காரர். விளங்கவில்லை என்று அவர் பிறகு சொல்லிவிடக் கூடாது. விளங்கியது. கையிலிருந்த இளநீரை மேசையில் வைத்துவிட்டு தாணு அண்ணனைப் பார்த்தார். தாணு அண்ணன் சுசீந்திரத்துக்காரர். எங்கள் மாவட்டத்தில் எந்த மொழிப் படம் எடுக்க வந்தாலும் இடம் பிடித்துத் தருவதும் ஆள் சேர்த்துத் தருவதும் அவர்தான். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய தவளையின் குடல் படத்தைப் பார்த்தார். சர்ச்சின் பங்குப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு அறை அது. கோடை விடுமுறையில் எங்கள் படத்துக்கு ஆபீஸ். பின்பெஞ்சில் டைரக்டர் மத்தியாஸ், முட்டி மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லி வைத்திருந்த ஒரே விஷயம் இது. மும்பையில் என் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்வேதா, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே சொன்னாள். “தனி வேன் கேள். நல்ல ஹோட்டல் கேள். சைவச் சாப்பாடு வேண்டும் என்று பொய் சொல்லியாவது கேள். குரலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. உனக்கு முன்னால் ஒருத்தி கேட்டாள். அவள் இப்போது யோகா சொல்லிக் கொடுக்கிறாள்.”

நான் பி.எஸ்ஸி. இயற்பியல். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று கிராம அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க நான்கு நாள் அலைந்தவள். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். பதினான்காவது பிரிவை மூன்று முறை வாசித்தேன். ‘நடிகரின் குரலை மாற்றும் உரிமை தயாரிப்பாளருக்கு உண்டு.’ வாசித்துவிட்டுத்தான் போட்டேன். அதனால் என்னை யாரும் ஏமாற்றவில்லை. அந்தக் கோபமும் என்மேல் எனக்கு உண்டு.

என் தொழில் தொடங்கியதே ஊமையாகத்தான். சென்னைக்குப் போனது செய்தி வாசிக்க. குரல் தேர்வில் ஒருவர் ஹெட்போனைக் கழற்றி, “மலையாளியாம்மா?” என்றார். இல்லை, மணவாளக்குறிச்சிக்குப் பக்கம் என்றேன். “ஏன் கத்துற?” என்றார். நான் கத்தவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கடல் ஐம்பது அடி. அலைக்கு மேலே பேசினால்தான் அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்கும். அதே கட்டடத்தின் மேல்மாடியில் சீரியலுக்கு ஆள் எடுத்தார்கள். முகம் பிடித்துப் போனது. நான்கு வருடம், ஆயிரத்து நூற்றுச் சொச்சம் எபிசோடு, நான் இளைய மருமகள். தினமும் செட்டில் நான் பேசிய வசனத்துக்குப் பெயர் பைலட் ட்ராக். டப்பிங் பேசுபவர் காதில் மாட்டி, எந்த இடத்தில் வாய் திறக்கிறேன் என்று பார்த்துக்கொள்வதற்காக. வேலை முடிந்ததும் அழித்துவிடுவார்கள்.

முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு அம்மா போன் செய்தாள். அம்மா பெயர் திரேசம்மாள். மீன் விற்பவள்.

“ஏட்டி, உனக்குள்ள கெடந்து பேசுறது யாரு?”

“டப்பிங் அம்மா. வேற ஆள் பேசுவாங்க.”

“உனக்கு என்ன, தொண்டையில புண்ணா?”

“இல்ல. என் பேச்சு அவங்களுக்குப் பிடிக்கல.”

“அப்பம் உன்ன என்னத்துக்கு விளிச்சாவ?”

அதன் பிறகு நான்கு வருடமும் அம்மா அந்தச் சீரியலைச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்தாள். கதை தெரியாமலே பார்த்தாள். பக்கத்து வீட்டு ஷிஜிதான் மறுநாள் கிணற்றடியில் கதை சொல்வாள்.

பிறகு இந்தி. மூன்று படம். நர்ஸ், வேலைக்காரி, கம்ப்யூட்டர் கம்பெனியில் கதாநாயகனின் சக ஊழியை. இந்தியை ஒரு வருடம் ஆள் வைத்துப் படித்தேன். அந்த ஆசிரியையே பாராட்டும்படி பேசினேன். படம் வந்தபோது என் வாயிலிருந்து ‘அய்யய்யோ ஜீ’ என்று ஒரு குரல் வந்தது. இந்தியே வராத மதராசிப் பெண் மாதிரி பேச மும்பையில் ஒரு மும்பைப் பெண் இருக்கிறாள். நன்றாக இந்தி பேசியதற்காக என்னை நீக்கிவிட்டு, மோசமாக இந்தி பேச அவளைப் போட்டிருந்தார்கள். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அடுத்த சீட்டில் இருந்தவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டும் சிரித்தான்.

அதற்குப் பிறகுதான் இந்தப் படம். பிரான்ஸ், டென்மார்க், மும்பை, மூன்றும் சேர்ந்து எடுப்பது. கடல்புறத்துப் பெண் ஒருத்தியின் கதை. மத்தியாஸுக்கு நான் அனுப்பிய தேர்வு வீடியோவை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எடுத்தேன். போனைத் தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து வைத்து, எங்கள் பேச்சில், எங்கள் சத்தத்தில் மூன்று நிமிடம். மறுநாளே பதில் வந்தது. இந்தக் குரலைத்தான் ஒரு வருடமாகத் தேடினேன் என்று எழுதியிருந்தார். ‘குரல்’ என்றே எழுதியிருந்தார். அந்த மின்னஞ்சலை நான் அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பதினான்காவது பிரிவு அதற்கு அப்புறம் வந்தது. மின்னஞ்சலை எழுதியவர் டைரக்டர், அவர் விட்டுக் கொடுக்க மாட்டார் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

படப்பிடிப்பில் சண்டை போடாமல் இல்லை. மூன்றாம் நாள் மேக்கப்காரர் எனக்குப் பெரிய குங்குமப் பொட்டு வைத்தார். நான் வேதக்காரி, கிறிஸ்தவள், கதையில் வருகிறவள் பெயரும் மரியம்தான் என்றேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தியா என்று தெரிய வேண்டாமா என்றார். துடைத்தேன். அவர் வைத்தார். நான் துடைத்தேன். மத்தியானத்துக்குள் அவர் களைத்துப் போனார். ஆனால் குரல் பற்றி இருபத்திரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. யோகா எனக்கு வராது.

நேற்று வள்ளம் காட்சி.

மரியத்தின் புருஷன் வள்ளத்தில் போகிறான். கரையில் நின்று அவள் கூப்பிடுகிறாள். அவன் திரும்பாமல் போகிறான். இனி அவன் வரவே போவதில்லை. எழுதியது டெல்லியில் ஒருவர். எங்கள் கரையில் புறப்பட்ட வள்ளத்தைப் பின்னாலிருந்து யாரும் சும்மா விளிக்க மாட்டார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தாகம் எடுக்கிறது, வெற்றிலையை மறந்துவிட்டாய் என்றெல்லாம் விளிக்க முடியாது. சாவு விழுந்தால் விளிப்போம். பிள்ளைக்கு முடியவில்லை என்றால் விளிப்போம். அதனால் விளி கேட்டால் கடலில் இருப்பவர்கள் ஏன் என்று யோசிக்க மாட்டார்கள், திருப்பிவிடுவார்கள். இதை நான் மத்தியாஸிடம் சொன்னேன். “பிரமாதம், அப்படியானால் காட்சி இன்னும் வலுவாக இருக்கும்” என்றார்.

வள்ளம் எங்கள் அப்பாவுடையது. எஞ்சின் பிடித்ததும் அப்பாதான். அப்பா பெயர் சகாயம். தாணு அண்ணன் துணை நடிகர்களாகப் பேசிக் கூட்டி வந்த நான்கு பேரும் அவரோடு தினமும் தொழிலுக்குப் போகிறவர்கள்தான். அவர்களில் ஷிபுதான், முதுகு மட்டும் தெரிய, புருஷனுக்குப் பதிலாள். அலை ஒடிகிற இடத்தைத் துடுப்பால் தாண்டி, எஞ்சினைத் தண்ணீரில் இறக்கப் போகும் நேரத்தில் கரைக்குத் திரும்பச் சொல்லி நான் கூப்பிட வேண்டும். மேலே ட்ரோன். கரையில் மூன்று கேமரா.

“ஏஏ... கர பிடியுங்கோ... ஏஏய்...”

எஞ்சின் இறங்கவே இல்லை. ஐந்து துடுப்பும் ஒரே நேரத்தில் மாறி விழுந்தன. வள்ளம் திரும்பி, அலை முதுகில் ஏறிக் கரைக்கு வந்துவிட்டது. அப்பா தண்ணீரில் குதித்து முழங்காலளவில் ஓடி வந்தார். பாதி வழியில் கேமராவைப் பார்த்துவிட்டு நின்றார்.

தேவாங் சார் மெகாபோனைக் கீழே போட்டார். தாணு அண்ணன்தான் கேட்டார். “என்னவே சகாயம், ஏன் திரும்பினீரு?”

“பிள்ள விளிச்சா.”

“அது நடிப்பு வே!”

“நடிப்புன்னு தெரியும். விளிச்சால்லா.”

இரண்டாவது டேக். யாரும் திரும்பக் கூடாது என்று தாணு அண்ணன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கினார். நான் கூப்பிட்டேன். வள்ளம் திரும்பவில்லை. ஆனால் ஐந்து தலையும் திரும்பின. அப்பா இறக்கிய எஞ்சினை மறுபடி தூக்கிவிட்டார். மூன்றாவதுக்கு எல்லோருக்கும் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்கள். ஷிபு இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி இளித்தான். அப்பா வாங்கவில்லை.

“காத அடச்சிட்டு கடல்ல இறங்கச் சொல்லுதீரா? கொள்ளாம் தாணு, நல்ல கொள்ளாம். உம்ம சுசீந்திரத்துக் குளத்துல எறங்கும்.”

மூன்றாவதிலும் அப்பா தலை திரும்பியது, அதுவும் போயிற்று. வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் தேவாங் சாருக்கு உமையாள் அக்காவின் ஞாபகம் வந்தது.

உமையாள் அக்கா சென்னையிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தார். ‘வட்டார வழக்கு ஆலோசகர்’ என்று சொல்லியிருந்தார்கள். வட்டாரத்தில் பிறந்த நான் இருக்க, வடபழனியிலிருந்து எதற்கு ஆலோசகர் என்று நானும் யோசித்தேன்தான். ஒலிபெருக்கியில் கூப்பிடச் சொன்னார்கள். நான் கரையில் நின்று சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைக்க வேண்டும். அவர் மைக்கைப் பிடித்து ஒரு தரம் தொண்டையைச் செருமினார். பிறகு நான் கூப்பிட்ட அதே சொல்லை, அதே நீட்டலில் கூப்பிட்டார். அச்சு அசல். எனக்கே மயிர் கூச்செறிந்தது.

வள்ளம் நேராகப் போனது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. ஷிபு முதுகைச் சொறிந்தான், அவ்வளவுதான்.

“பர்பெக்ட்!” என்று தேவாங் சார் கைதட்டினார். மத்தியாஸ் தட்டவில்லை. ஆனால் ஓகே சொன்னது அவர்தான்.

அந்தக் குரலை எனக்கு முன்பே தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது. ஆயிரத்து நூறு எபிசோடு. வலை உலர்த்தும் கொட்டகையில் உமையாள் அக்கா சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

“நீங்கதானா அது?”

“நான்தாம்மா. நாலு வருஷம் உன் மூஞ்சிய பாத்துட்டே இருந்திருக்கேன். மூஞ்சியக்கூட இல்ல, உதட்ட. உனக்குக் கீழுதடு கோவத்துல இடது பக்கம் இழுக்கும். இப்பகூட இழுக்குது பாரு.”

சண்டை பிடிக்கத்தான் போனேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“உன் பைலட் ட்ராக்க காதுல மாட்டிக்கிட்டுத்தான் பேசுவேன். சண்டை சீன்லாம் உன்னுது ஒரு படி மேல இருக்கும். நெஜமாத்தான் சொல்றேன். ஒருவாட்டி இன்ஜினியர் தம்பிகிட்ட, இத அப்படியே வெச்சா என்னப்பான்னு கேட்டுட்டேன். ‘ஏன்க்கா, நாளையிலேர்ந்து வீட்ல இருக்கப் போறீங்களா?’ன்னான். அதுக்கப்புறம் கேக்கல.”

“இந்தப் படம் முழுக்கவும் நீங்கதான் பேசப் போறீங்களா?”

“உனக்குச் சொல்லலியா?” காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். “அய்யோ... நாளைக்கு உன்னோட குளோசப்பு. உதடு மட்டும் அசைச்சா போதும்னு பேச்சு. மத்ததெல்லாம் அடுத்த மாசம் சென்னையில நான் பேசறேன். படம் முழுக்க. ஒரு மாசம் முன்னாடியே முடிவானதும்மா.”

“நீங்க விளிச்சு வள்ளம் திரும்பலயே அக்கா.”

“திரும்பாம இருக்கறதுதானேம்மா அவங்களுக்கு வேணும்?” என்றார். கேலியாக இல்லை, சாதாரணமாக. “நான் முடியாதுன்னு சொன்னா நாளைக்கே இன்னொருத்தி வருவா. எனக்கு வீட்ல ரெண்டு பேருக்கு மருந்து வாங்கணும். என்ன திட்டிக்கோ. ஆனா நான் நிறுத்த மாட்டேன்.”

நான் திட்டவில்லை. வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலில் எஞ்சினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். காலையில் குளித்து, மேக்கப் வேனில் மரியத்தின் புடவையைக் கட்டிக்கொண்டு நேராக ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். அப்போது சொன்னதுதான் மேலே எழுதியிருப்பது.

தேவாங் சார் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, “ரெஜிலா, நீ நன்றாக நடிக்கிறாய்” என்று ஆரம்பித்தார். “உன் பேச்சு தமிழ்நாட்டிலேயே பாதிப் பேருக்குப் புரியாது. ஓடிடியில் வாங்குகிறவன் சுத்தமான தமிழ் கேட்கிறான்.”

“பாரிசில் இருப்பவனுக்குத் தமிழ் தெரியுமா?”

“அவனுக்கு சப்டைட்டில் போடுவோம்.”

“சென்னைக்காரனுக்கும் போடுங்கள். எழுத்துத் தெரிந்தவன்தானே.”

தாணு அண்ணன் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றினார் என்றுதான் நினைக்கிறேன்.

மத்தியாஸ் பின்பெஞ்சிலிருந்து ஆங்கிலத்தில் பேசினார். “கடற்கரை ஒலிப்பதிவில் காற்று அதிகம். பயன்படுத்த முடியாத நிலை, ரெஜிலா.”

“நான் மொட்டை மாடியில் எடுத்து அனுப்பினேனே, அதில் காற்று இல்லையா?”

“அது வேறு. அது... அற்புதமானது.”

“அதில் பேசியது யார்?”

அவர் முட்டியைத் தேய்த்தார். “எனக்கும் இதில் வருத்தம்தான்” என்றார். அவருடைய வருத்தத்தை நான் என்ன செய்ய? வீட்டுக்கு எடுத்துப் போய்க் குழம்பு வைக்கவா?

“காற்றுதான் பிரச்சினை என்றால் சென்னைக்கு வருகிறேன். மூடிய அறையில் நானே முழுப் படத்தையும் டப்பிங் பேசுகிறேன். பேட்டா வேண்டாம். சரியா?”

காற்று பிரச்சினை இல்லை என்று அந்த அறையில் இருந்த நான்கு பேருக்கும் தெரிந்தது. தவளைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

தேவாங் சார் ஒப்பந்தத்தை எடுத்தார். பதினான்காவது பிரிவில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. “இது உன் கையெழுத்துதானே?”

“ஆமாம். வாசித்துவிட்டுத்தான் போட்டேன்.”

“பிறகு?”

“குரலை மாற்றும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. எடுத்த வரைக்கும் மாற்றிக்கொள்ளுங்கள், என்னால் தடுக்க முடியாது. இன்றைக்கு நான் வந்து வெறும் வாயை அசைக்க வேண்டும் என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது? காட்டுங்கள்.”

புரட்டினார். உண்மையாகவே புரட்டினார். பிறகு காகிதத்தை மூடிவிட்டு வேறு குரலில், நல்ல குரலில் பேசினார். “யோசி. இந்தப் படம் விழாக்களுக்குப் போகும். உன் முகம் சுவர் அளவு தெரியும். அடுத்த படத்தில் உன் குரலுக்காக நானே வாதாடுகிறேன், தனிப்பட்ட வாக்கு. இப்போது எழுந்து போனால் வழக்குப் போடுவேன், தொழிலில் யாரும் உன்னைத் தொட மாட்டார்கள். டிவியில்கூட.”

“முகம் சுவர் அளவு தெரியும்போது என் பக்கத்துச் சீட்டில் இருக்கப் போவது என் அம்மா. அவளுக்கு அந்தப் படத்தையும் சத்தம் இல்லாமல் போட்டுக் காட்டுவீர்களா?”

“என்ன சொல்கிறாய், புரியவில்லை.”

“உங்களுக்குப் புரியாது சார். நேற்று ஐந்து பேர் துடுப்பைத் திருப்பினார்கள். அதையும் சேர்த்து மூன்று டேக்கையும் தவறு என்று எழுதி வைத்தீர்கள். உங்கள் படத்திலேயே நடந்த ஒரே நிஜம் அதுதான். அதை அழித்துவிட்டுத் திரும்பாத வள்ளத்தை எடுத்தீர்கள். விளித்தும் வள்ளம் திரும்பாத அந்த மரியத்துக்கு என் உதடு வேண்டாம். யாருடைய உதடும் போதும்.”

மத்தியாஸ் எழுந்தார். ஏதாவது சொல்வார் என்று ஒரு கணம் நின்றேன். ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“எழுதித் தர மாட்டீர்கள்?” என்று தேவாங் சாரிடம் கடைசியாகக் கேட்டேன்.

“முடியாது.”

“சரி. புடவை உங்களுடையது. துவைத்து ஷிஜியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.”

வராந்தாவில் தாணு அண்ணன் பின்னாலேயே ஓடி வந்தார். செருப்பை அறைக்குள்ளேயே விட்டுவிட்டார்.

“மக்கா, நில்லு. கொஞ்சம் நில்லு. என்ன பேச்சு பேசிட்டு வாற? இன்னைக்குக் கால்ஷீட்டுல உன் பேர முதல்ல போட்டாச்சு.”

“அடிச்சிருங்க அண்ணே.”

“கேஸ் போடுவாவ பிள்ள. உங்க அப்பன் என்ன கொல்லுவாரு. நான்தானே உங்கள எல்லாம் இதுல சேத்துவிட்டது?”

“அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கேஸ் வந்தா நாகர்கோவில் கோர்ட்டு பக்கம்தானே, பஸ் இருக்கு.”

“வெளையாடுதியா?”

“இல்ல அண்ணே. உள்ள போங்க, அவரு இளநி கேப்பாரு.”

அவர் அங்கேயே நின்றார். விளையாட்டு மைதானத்தில் உமையாள் அக்கா அன்றைய வசனத் தாளைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். நான் கையைக் காட்டினேன். அவரும் காட்டினார்.

கேட்டுக்கு வெளியே என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போக வேன் நின்றது. டிரைவர் கதவைத் திறந்து, “போலாமா மேடம்?” என்றார். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கி எதிர்ப்பக்கமாக நடந்தேன்.